டிரம் கோர் போட்டிக்கு டிக்கெட் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளி பேண்டில் சேர்த்துவிட்டிருக்கும் நம் ஆட்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். பிள்ளை சொல்லியோ பேண்ட் டைரக்டர் சொல்லியோ என்றைக்காவது ஒரு நாள் நீங்களும் டிரம் கோர் போட்டி பார்க்கக் கிளம்புவீர்கள். நான் கிளம்பும் முன் யாராவது என்னை உட்காரவைத்து ஐந்து நிமிடம் விளக்கியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். இணையத்தில் தேடினாலும் இதிலேயே ஊறிப்போனவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதுதான் கிடைத்தது, புதிதாகப் போகிறவருக்கென்று எதுவும் இல்லை. 2024 ஆகஸ்டில் இண்டியானாபொலிஸில் நடந்த இறுதிப் போட்டிக்குத் தனியாகப் போனேன். பெட்ரோலை விட்டுவிட்டே 450 டாலருக்குக் கிட்டத்தட்டச் செலவு. நிகழ்ச்சியின் முதல் பாதி முழுக்க அழாத குறையாக உட்கார்ந்திருந்தேன். அதே இரவின் பிற்பாதியில், நான் இதுவரை நேரில் கேட்ட இசையிலேயே மிகச் சிறந்தது என்று சொல்லக்கூடிய ஒன்றைக் கேட்டேன். நடுவில் மாறியது நான் உட்கார்ந்த இடம் மட்டும்தான்.

தெரியாதவர்களுக்கு இது என்னவென்று சொல்லிவிடுகிறேன். டிரம்பெட், மெல்லோஃபோன், டூபா என்று பித்தளைக் கருவிகள் ஒரு பக்கம், டிரம்களும், மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பா வகையறாக்களும் ஒரு பக்கம், கொடியும் மரத் துப்பாக்கியும் வாளும் சுழற்றுகிற கலர் கார்ட் ஒரு பக்கம், இந்த மூன்றும் சேர்ந்ததுதான் ஓர் அணி. நூற்றைம்பது பேருக்கு மேல் இருப்பார்கள், எல்லாருமே இருபத்திரண்டு வயதுக்கு உட்பட்ட இளைஞர்கள். அமெரிக்கக் கால்பந்து மைதானம் முழுக்க நடந்தும் ஓடியும் வடிவம் வடிவமாக மாறிக்கொண்டே பத்துப் பன்னிரண்டு நிமிடம் வாசிப்பார்கள். முன்னாள் படைவீரர் சங்கங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காக நடத்திய அணிவகுப்புக் குழுக்களிலிருந்து வளர்ந்து வந்த கலை இது. 1971-ல் சில அணிகள் கூடி டிரம் கோர் இண்டர்நேஷனல், சுருக்கமாக டி.சி.ஐ., என்ற அமைப்பைத் தொடங்கின. 1972-ல் விஸ்கான்சின் மாநிலத்து ஒயிட்வாட்டரில் முதல் சாம்பியன்ஷிப் நடந்து ஆனஹைம் கிங்ஸ்மென் வென்றது. 2009-லிருந்து இறுதிப் போட்டி இண்டியானாபொலிஸின் லூக்கஸ் ஆயில் ஸ்டேடியத்துக்கு வந்துவிட்டது. இந்தப் பிள்ளைகள் கோடை முழுக்கப் பஸ்ஸில் ஊர் ஊராகப் போகிறார்கள், பள்ளிக்கூட ஜிம் தரையில் படுக்கிறார்கள், பகலெல்லாம் வெயிலில் ஒத்திகை, இரவில் போட்டி, அப்புறம் மறுபடியும் பஸ். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. ஆளுக்குப் பல ஆயிரம் டாலர் தாங்களே கட்டித்தான் சேர்கிறார்கள். இது எனக்குத் தெரியவந்த நாளிலிருந்தே அவர்கள் மேல் ஒரு பெரிய மரியாதை வந்துவிட்டது.

நாங்கள் இருப்பது ஒஹையோவில், கொலம்பஸ் பக்கம். மகள் ஹைஸ்கூல் மார்ச்சிங் பேண்டில் மெல்லோஃபோன் வாசிக்கிறாள். எங்கள் மாநிலத்துக் கேண்டன் நகரின் ப்ளூகோட்ஸ் அணி என்றால் அவளுக்கு உயிர். அந்த ஆண்டு அவர்கள் ஜெயிக்க வாய்ப்பு இருக்கிறது என்று ஜூலை முழுக்க வீட்டில் அதே பேச்சு. ஆனால் இறுதிப் போட்டி வரும் ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தில்தான் அவள் பள்ளியின் பேண்ட் கேம்ப். போகாமல் இருக்க முடியாது. கணவருக்கும் அந்த வாரம் வேலை. "அம்மா, நீங்களாவது போய்ப் பாருங்கம்மா, மெல்லோ லைனை மட்டும் நல்லாப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள். பிள்ளை ஆசையாகக் கேட்கும்போது எப்படி மறுப்பது? எனக்கும் ஆசைதான். ஐ-70 நெடுஞ்சாலையைப் பிடித்தால் மூன்று மணி நேரம், போய்விட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

டிக்கெட்டில்தான் முதல் அடி விழுந்தது. கடைசி நேரம் என்பதால் மறுவிற்பனைத் தளம் ஒன்றில் தேடினேன். எண்ட் ஸோன், அதாவது மைதானத்தின் கோடிப் பக்கத்து மூலையில், கீழ் அடுக்கில், மைதானத்துக்கு மிக அருகில் ஒரு சீட் 138 டாலர் என்று காட்டியது. பக்கத்திலேயே 'மைதானத்துக்கு அருகே, அருமையான காட்சி' என்று பச்சைக் குறி வேறு போட்டிருந்தார்கள். பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் 41 டாலர் கட்டணம் சேர்ந்து 179 ஆயிற்று. அந்தப் பச்சைக் குறியும் அரங்கப் படமும் கால்பந்தாட்டத்துக்காகப் போட்டவை. கால்பந்தாட்டத்தை எந்தப் பக்கம் உட்கார்ந்தும் பார்க்கலாம், அருகில் இருந்தால் இன்னும் நல்லது. டிரம் கோருக்கு அப்படி இல்லை. அதற்கு ஒரே ஒரு முகம்தான் உண்டு. மொத்த நிகழ்ச்சியும் ஒரு பக்கத்து கேலரியை, அதிலும் நடுவில் உயரத்தில் இருப்பவர்களை நோக்கித்தான் அமைக்கப்படுகிறது. விற்கிறவர்கள் இதை எங்கேயும் சொல்வதில்லை. அதனால் முதல் காரியமாக, டி.சி.ஐ.யின் சொந்த டிக்கெட் பக்கத்துக்குப் போய், அந்த அரங்கில் அணிகள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கும் என்று அவர்கள் போடும் படத்தைப் பாருங்கள். பள்ளி மைதானங்களில் பொதுவாகப் பத்திரிகையாளர் கூண்டு இருக்கும் பக்கம்தான் முன்பக்கம். அங்கே நடுக்கோடான 50 யார்டு கோட்டுக்கு நேராகவோ, இருபுறமும் 35 யார்டு கோடுகளுக்குள்ளோ சீட் இருந்தால் போதும். எவ்வளவு மேலே கிடைத்தாலும் யோசிக்காமல் வாங்கலாம். கீழ் வரிசையை யாராவது இரட்டிப்பு விலைக்குக் கொடுத்தால் வேண்டாம் என்றுவிடுங்கள்.

அன்றைக்குச் சாலையில் மராமத்து வேலை நடந்துகொண்டிருந்தது. மூன்று மணி நேரப் பயணம் நான்கரை ஆனது. ஊருக்குள் நுழைந்தால் அரங்கத்தைச் சுற்றிப் பார்க்கிங் எல்லாம் நிரம்பிவிட்டது, கடைசியில் ஓர் இடத்தில் 50 டாலர் கேட்டார்கள், கொடுத்தேன். அங்கிருந்து பதினைந்து நிமிட நடை. வாசலில் என் தோள்பையைப் பார்த்ததுமே தடுத்துவிட்டார்கள், உள்ளே கொண்டுபோவதென்றால் பிளாஸ்டிக் போல ஒளி ஊடுருவும் பையாகத்தான் இருக்க வேண்டுமாம். மறுபடி கார் வரைக்கும் நடை, மறுபடி திரும்பி நடை. ஆகஸ்ட் வெயிலில் நனைந்துபோய்ப் படிக்கட்டு வாசலுக்கு வந்தால் உள்ளே ஓர் அணி வாசித்துக்கொண்டிருக்கிறது, அது முடியும்வரை யாரையும் விட மாட்டோம் என்று சங்கிலி போட்டிருக்கிறார்கள். அந்த விதி நியாயமானது. வாசிக்கும்போது யாரும் குறுக்கே நடக்கக் கூடாது என்பதில் இங்குள்ள ரசிகர்கள் மிகக் கண்டிப்பு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் கைதட்டலும் கூச்சலும் கேட்க, இந்தப் பக்கம் கான்கிரீட் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தப் பன்னிரண்டு நிமிடம் மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. இந்த மாதிரி பெரிய அரங்கு எதுவானாலும் பை விதியை முதல் நாளே பார்த்துவிடுங்கள், பார்க்கிங்கை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள், நிகழ்ச்சி தொடங்க ஒரு மணி நேரம் முன்பாவது வாசலில் இருங்கள்.

ஒருவழியாக உட்கார்ந்தேன். முதலில் பிரமிப்புதான், இவ்வளவு அருகில் இருக்கிறோமே என்று. அடுத்த அணி வந்து வாசிக்கத் தொடங்கி ஒரு நிமிடத்தில் அந்தப் பிரமிப்பு போய்விட்டது. எனக்குப் பக்கவாட்டில் நூற்றைம்பது பேர் நிற்கிறார்கள், ஆனால் தெரிவது அருகில் இருக்கும் இருபது பேர்தான். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக மறைந்து ஒரே கும்பலாகத் தெரிந்தார்கள். வட்டமா, வளைவா, கட்டமா, எதுவுமே புரியவில்லை. கலர் கார்டில் ஒரு பெண் துப்பாக்கியை மேலே வீசுகிறாள், பிடிக்கிறாள், அது தெரிகிறது. ஆனால் எதிர் கேலரியில் ஆயிரக்கணக்கானோர் எதற்காக ஒரே நேரத்தில் எழுந்து கத்துகிறார்கள் என்பது தெரியவில்லை. அதைவிட ஏமாற்றம் சத்தத்தில். டிரம் ஒரு நேரத்தில் கேட்கிறது, அதே அடி இன்னொரு மூலையிலிருந்து தாமதமாக வருகிறது, டிரம்பெட்டுகள் எல்லாம் வேறு பக்கம் திரும்பியிருக்கின்றன, கூரையிலும் சுவரிலும் மோதி வரும் எதிரொலி எல்லாவற்றையும் குழப்பிவிடுகிறது. கோயில் மண்டபத்தில் தூணுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு தவில் கேட்கிற மாதிரி இருந்தது. நாட்டிலேயே சிறந்த அணிகள் என்கிறார்களே, தாளம் சேரவே இல்லையே, இதற்காகவா என் மகள் இவ்வளவு பாடுபடுகிறாள் என்றுகூட நினைத்துவிட்டேன்.

தாளம் சேராமல் இல்லை. இந்த விஷயத்தை அப்புறம்தான் மகளின் பேண்ட் டைரக்டர் எனக்கு விளக்கினார், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மைதானத்தின் நீளம் 100 யார்டு, அதாவது 91 மீட்டர். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். அப்படியானால் ஒரு கோடியில் இருப்பவரின் சத்தம் மறுகோடிக்குப் போக கால் நொடிக்கு மேல் ஆகிறது. நிமிடத்துக்கு 180 அடி வேகத்தில் வாசிக்கும்போது ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளியே நொடியில் மூன்றில் ஒரு பங்கு. ஆக, எல்லாரும் மிகச் சரியாக ஒரே கணத்தில் வாசித்தாலும் மூலையில் இருப்பவருக்கு ஏறக்குறைய ஓர் அடி தள்ளித்தான் கேட்கும். இதைச் சமாளிக்கத்தான் முன்னால் நிற்கும் மரிம்பா, வைப்ரஃபோன் கூட்டம், அதை 'பிட்' என்பார்கள், முன்னால் நின்று கையசைத்துத் தாளம் காட்டும் டிரம் மேஜரின் கையைப் பார்ப்பதைவிடப் பின்னாலிருந்து வரும் டிரம் சத்தத்தைக் கேட்டே வாசிக்கப் பழகியிருக்கிறது. பின்னாலிருந்து சத்தம் எப்போது வந்து சேர்கிறதோ அப்போது தாங்களும் அடித்தால், இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து முன் கேலரிக்குப் போகும். மாதக்கணக்கில் இதற்காகவே பயிற்சி எடுக்கிறார்கள். அந்தச் சத்தம் ஒன்றுசேரும் இடம் முன்பக்கத்து நடு கேலரி. என் மூலையில் அது ஒருபோதும் சேராது. தரையில் போடும் வடிவங்களும் இப்படித்தான், ஒவ்வொருவரும் எந்த எண்ணிக்கையில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரில் வரைந்து ஆளுக்கொரு சிறு குறிப்பேட்டில் எழுதிவைத்துப் பழகுகிறார்கள். அந்த வரைபடம் உயரத்திலிருந்து பார்க்கிற கண்ணுக்காக வரையப்படுவது. மதிப்பெண் போடும் நடுவர்களில் பெரும்பாலோர் உட்காருவதும் அந்த உயரத்தில்தான்.

அன்றைக்கு இது எதுவும் எனக்குத் தெரியாது. இடைவேளை விட்டதும் கிளம்பிவிடலாமா என்றுதான் தோன்றியது. மகளுக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்தபோது நெஞ்சு அடைத்தது. தண்ணீர் வாங்க வரிசையில் நின்றேன். முன்னால் அறுபது வயதுக்காரர் ஒருவர், மெரூன் நிற ஜாக்கெட், முதுகில் கேடட்ஸ் என்று எழுதியிருந்தது. முதல் தடவையா என்று அவராகவே கேட்டார். ஆமாம் என்றேன், எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றார், டிக்கெட்டைக் காட்டினேன். அவர் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். அங்கே இருந்தால் நீங்கள் இன்னும் நிகழ்ச்சியைப் பார்க்கவே இல்லை என்றார்.

கேடட்ஸ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நியூ ஜெர்சியில் கார்ஃபீல்ட் என்ற ஊரில் 1934-ல் தொடங்கிய அணி, பத்து முறை டி.சி.ஐ. பட்டம் வாங்கியது, 1983-லிருந்து தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உட்பட. இவர் அந்த எண்பதுகளில் அதில் ஸ்னேர் டிரம் வாசித்தவர். 2024 ஏப்ரலில், சீசன் தொடங்கும் முன்பே, அந்த அணி இழுத்து மூடப்பட்டது. தொண்ணூறு வருட அணி. பழைய நண்பர்கள் சேர்ந்து மேல் அடுக்கில் நடு வரிசையில் மொத்தமாக டிக்கெட் எடுத்துவைத்திருந்தார்களாம், அணி மூடிய பிறகு சிலருக்கு வர மனசே இல்லை. இரண்டு சீட் சும்மா கிடக்கிறது, எங்களோடு வந்து உட்காருங்கள், அவர்கள் இடம் வீணாவதைவிட முதல் தடவை பார்க்கிற ஒருவர் உட்கார்ந்தால் நன்றாக இருக்கும் என்றார். காசு கொடுக்க முயன்றேன், வாங்க மறுத்துவிட்டார். முன்பின் தெரியாத ஆளோடு போகலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். அவர் மனைவியும் வந்து பேசிய பிறகு போனேன்.

மேலே ஏறி உட்கார்ந்து கீழே பார்த்தபோது அது வேறு நிகழ்ச்சி. அதை எப்படிச் சொல்வது என்று இன்னும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. பித்தளைக் கருவிக்காரர்கள் எல்லாரும் மைதானத்தில் சிதறி நிற்கிறார்கள், ஒரு ஒழுங்கும் இல்லாத மாதிரி. மெதுவான பகுதி, ஒரே ஒரு டிரம்பெட், அவ்வளவு பெரிய அரங்கில் யாரும் இருமக்கூட இல்லை. சிதறி நின்றவர்கள் நடக்க ஆரம்பிக்கிறார்கள், எட்டு எண்ணுவதற்குள் ஒரு நீண்ட வளைவு உருவாகிறது, அந்த வளைவு நிமிர்ந்து கோடாகிறது, கோடு நம்மை நோக்கி வருகிறது. வந்துகொண்டிருக்கும்போதே சத்தம் கூடுகிறது. முன் கோட்டை எட்டியதும் எண்பது பேருக்கு மேல் ஒரே சமயத்தில் கருவியின் வாயை மேலே, நேராக எங்கள் வரிசைக்குத் தூக்கினார்கள். அந்தச் சுரம் காதில் விழுவதற்கு முன்பே நெஞ்சுக்கூட்டில் பட்டது. என்னை அறியாமல் கண்ணில் தண்ணீர். பக்கத்தில் இருந்த மெரூன் ஜாக்கெட்காரர் இரண்டு கையையும் மேலே தூக்கிக் கத்திக்கொண்டிருந்தார், அவருடைய அணி மைதானத்திலேயே இல்லை, அவருடைய அணியைத் தோற்கடித்த அணிகளில் ஒன்றுக்காகத்தான் கத்துகிறார். இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது அதுதான். இங்கே யாரும் எதிரணியைக் கேலி செய்து கத்தவில்லை.

மகள் சொன்ன மெல்லோ வரிசையையும் பார்த்தேன். டிரம்பெட்டுக்கும் யூஃபோனியத்துக்கும் நடுவில் அகன்ற வாயோடு இருக்கும் கருவி அது. கீழே இருந்தபோது அதன் சத்தத்தைத் தனியாகப் பிரிக்கவே முடியவில்லை. மேலே, முன்னால் இருந்து கேட்டபோது நடுச் சுரங்களில் வெதுவெதுப்பாக ஒரு சத்தம் தனியே ஓடுவது தெரிந்தது. அணிகள் மாறும் இடைவெளியில் மகளுக்குச் செய்தி அனுப்பினேன், கேட்டுட்டேன்டா, நீ சொன்னது கேட்டுட்டேன் என்று. அன்றிரவு ப்ளூகோட்ஸ் ஜெயித்தது, 2016-ல் வாங்கிய முதல் பட்டத்துக்குப் பிறகு அவர்களுடைய இரண்டாவது பட்டம். கேம்ப் களைப்பில் படுத்திருந்த பிள்ளை போனிலேயே அலறியது.

மதிப்பெண் முறையும் தெரிந்திருந்தால் ரசனை கூடும். மொத்தம் 100. ஒட்டுமொத்தத் தாக்கத்துக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30. முதல் சில இடங்களில் வித்தியாசம் புள்ளிக்குப் பின்னால்தான் இருக்கும். 2008-ல் இல்லினாய் மாநிலத்து ஃபாண்டம் ரெஜிமெண்ட், கலிபோர்னியாவின் ப்ளூ டெவில்ஸை வெறும் 0.025-ல் ஜெயித்ததை மெரூன் ஜாக்கெட்காரர் இன்னும் நேற்று நடந்தது போலச் சொன்னார். மேலே கூண்டில் இருக்கும் நடுவர்கள் போதாதென்று, தாளக் கருவிகளுக்கான நடுவர் கீழே மைதானத்திலேயே டிரம் வரிசையோடு கூடவே ஓடி, பேசிப் பதிவு செய்துகொண்டே போவார். முதல் பாதியில் யாரோ ஒருவர் குறுக்கே ஓடுகிறாரே என்று நான் எரிச்சல்பட்ட ஆள் அவர்தான்.

முடிவு அறிவித்து, எல்லா அணியும் மைதானத்தில் வந்து நின்று, பதக்கம் கொடுத்து எல்லாம் முடிய இரவு பதினொன்றை ஒட்டி ஆகிவிட்டது. இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் வெளியே வரும், காரை எடுக்கவே எனக்கு முக்கால் மணி நேரம். அதற்குமேல் தூக்கக் கண்ணோடு தனியாக ஐ-70-ல் மூன்று மணி நேரம் ஓட்டத் துணிவில்லை. நள்ளிரவில் தேடிப் பிடித்த சாதாரண மோட்டல் அறைக்கு 189 டாலர். உள்ளே சாப்பாட்டுக்கு முப்பது டாலர் போனது, சைவமாக எனக்குக் கிடைத்தது பாப்கார்னும் ப்ரெட்ஸலும்தான், அதனால் வயிறாரச் சாப்பிட்டுவிட்டே போங்கள். தூரத்திலிருந்து போகிறவர்கள் தங்கும் அறையை டிக்கெட் வாங்கும் அன்றே போட்டுவிடுங்கள், அதுவும் இரவு தாமதமாக வருவேன் என்று சொல்லிவைத்து. தனியாகப் போகிற பெண்கள் பார்க்கிங்கை வெளிச்சமான, பெரிய சாலையை ஒட்டிய இடமாகப் பார்த்து எடுங்கள்.

இன்னொன்று, சனிக்கிழமை இறுதிக்குத்தான் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வியாழன் முதல் சுற்று, வெள்ளி அரையிறுதி, சனி இறுதி. அரையிறுதியில் 25 அணிகள், இறுதியில் 12 மட்டும். சனிக்கிழமை வாசிக்கப்போகும் அதே பன்னிரண்டு அணிகளும் வெள்ளிக்கிழமையும் முழு நிகழ்ச்சியை வாசிக்கின்றன, கூட்டம் குறைவு, நல்ல சீட் கிடைக்கும். பட்டம் யாருக்கு என்ற பதற்றமும் பதக்க விழாவும்தான் இருக்காது. முதல் தடவை பார்க்கிற குடும்பத்துக்கு நான் வெள்ளிக்கிழமையைத்தான் சொல்வேன். சின்னப் பிள்ளைகள் இருந்தால் முழு நாளும் உட்காரவைக்க முடியாது, பிற்பகுதிக்குப் போனாலே போதும், பலமான அணிகள் கடைசியில்தான் வரும்.

அடுத்த கோடையில் மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் மாநிலத்திலேயே ஒரு பள்ளி மைதானத்தில் நடந்த போட்டிக்குப் போனோம். கோடை முழுக்க இப்படிப் பல ஊர்களில் நடக்கும், செலவும் குறைவு. பெரிய அரங்கில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது. போட்டிக்கு முன்னால் அணிகள் பார்க்கிங் பகுதியிலும் புல்வெளியிலும் நின்று வார்ம்-அப் செய்வார்கள், அதைக் கிட்டே நின்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், டிக்கெட்கூட வேண்டாம். ஒரு ஸ்னேர் வரிசைக்கு நாலடி தூரத்தில் நின்றோம். வெள்ளை டேப் சுற்றிய குச்சிகள், டேப் உரிந்து தொங்குகிறது, விரல்களிலும் டேப், கையுறைக்கோடு வரை கருத்துப்போன கைகள். எல்லார் குச்சியும் ஒரே உயரத்துக்கு எழுந்து ஒரே உயரத்திலிருந்து விழுகிறது. தொடங்கும் முன் நடுவில் இருப்பவன் வாயாலேயே 'டட், டட், டட், டட்' என்று எண்ணிக்கை கொடுக்கிறான், அப்புறம் ஒன்பது டிரம்மும் ஒரே டிரம்மாகக் கேட்கிறது. மகள் மூச்சுவிடக்கூட மறந்து நின்றாள். அங்கே போனால் அவர்கள் வளையத்துக்குள் நுழையாதீர்கள், வாசிக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், அவர்கள் நடக்கத் தொடங்கினால் வழிவிட்டு ஒதுங்குங்கள். காது அடைப்பான் கட்டாயம் வேண்டும், குறிப்பாகச் சின்னப் பிள்ளைகளுக்கு. சத்தத்தைக் குறைத்து ஆனால் தெளிவாகக் கேட்கவிடும் இசைக்கலைஞர்களுக்கான வகை கடைகளில் இருபது டாலருக்குள் கிடைக்கிறது. அன்று நான் இரண்டு ஜோடி எடுத்துப்போயிருந்தேன், ஒன்றைப் பக்கத்தில் நின்ற ஒரு தாத்தா கேட்டு வாங்கிக்கொண்டார்.

திறந்தவெளிப் போட்டியில் வானிலைதான் வில்லன். அன்று நான்காவது அணி முடிந்ததும் மின்னல் வெட்டியது. மின்னல் தெரிந்தால் எல்லாரையும் கேலரியிலிருந்து இறக்கிவிடுவார்கள், கடைசி மின்னலிலிருந்து அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், நடுவில் இன்னொன்று வெட்டினால் அந்த அரை மணி மறுபடி முதலிலிருந்து. இரண்டு மணி நேரம் காருக்குள் உட்கார்ந்திருந்தோம், கடைசியில் மீதியை ரத்து செய்துவிட்டார்கள். டிக்கெட் பணம் திரும்பவில்லை, மழைக்குத் திருப்பித் தர மாட்டோம் என்று டிக்கெட்டிலேயே போட்டிருந்தது. அதனால் திறந்தவெளிப் போட்டிக்கு விலை அதிகமான சீட் வாங்காதீர்கள். குடை விரித்தால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், மழைக்கோட்டு எடுத்துப்போங்கள். அலுமினிய பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார ஒரு சிறு மெத்தையும் வேண்டும். பிள்ளைகளுக்கு மாற்று உடை காரில் இருக்கட்டும். ரத்தானால் சில சமயம் அணிகள் அருகிலுள்ள ஜிம்மிலோ கூரைக்கடியிலோ நின்றபடியே வாசிப்பதுண்டு, உடனே கிளம்பிவிடாமல் வாசலில் இருக்கும் தன்னார்வலர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நிகழ்ச்சியை வீடியோ எடுக்க அனுமதி இல்லை, எடுத்தால் வந்து நிறுத்தச் சொல்வார்கள். மகளுக்குக் காட்ட வேண்டுமே என்ற ஆசை எனக்கும் இருந்தது, ஆனால் போன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் வடிவம் மாறுகிற அந்தக் கணம் தவறிப்போகும், அதனால் உள்ளேயே வைத்துவிடுவதுதான் நல்லது. 2025-ல் 1940-லிருந்து இருக்கும் பாஸ்டன் க்ருசேடர்ஸ் முதன்முறையாகப் பட்டம் வாங்கியது. அதை வீட்டில் நேரலையில் பார்த்தோம், கட்டணம் கட்டினால் முக்கியப் போட்டிகளை இணையத்தில் பார்க்கலாம். வீட்டில் பார்த்தால் சத்தம் பாதிதான், ஆனால் எந்த அணி எந்தப் பாணி என்று கண்ணுக்குப் பழகிவிடும், அதன்பிறகு நேரில் போனால் எங்கே பார்ப்பது என்று தெரியும். மகள் அடுத்த குளிர்காலத்தில் ஏதாவது ஓர் அணியின் ஆடிஷன் கேம்ப்புக்குப் போகப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதற்கான செலவு, ஒரு கோடை முழுக்கப் பிள்ளையை அனுப்புவதா என்ற கவலை, இதையெல்லாம் ஏற்கெனவே கடந்து வந்த நம் பெற்றோர் யாராவது இருந்தால் எனக்குத் தயவுசெய்து எழுதுங்கள், இந்த முறையாவது முன்கூட்டியே தெரிந்துகொண்டு இறங்குகிறேன்.